நாராயணவனத்திலிருந்து பார்த்தால் போயர் போர்

1899 அக்டோபர் 11 அன்று தொடங்கி 1902 மே 31 அன்று முடிவுற்ற தென்னாப்பிரிக்கப் பெரும்போருக்குப் பெயர்கள் பல. ஆங்கிலேயர் அதனைப் போயர் போர் என்றனர். ஆப்பிரிக்கானர், 1880–81ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்ததை முதலாவதாகக் கொண்டு, இதனை இரண்டாம் விடுதலைப் போர் என்றனர். இன்றைய வரலாற்றாய்வாளர் பெரும்பாலோர் தென்னாப்பிரிக்கப் போர் என்று வழங்குகின்றனர். நம் வகுப்பறைகளில் இன்றும் நிலைத்திருப்பது முதற்பெயர்தான். அப்பெயரோடு ஒரு கருத்தும் சேர்ந்தே நிலைத்திருக்கிறது: டச்சு வழிவந்த குடியேறிகளும் பிரித்தானியரும் தங்கத்திற்காகவும் நிலத்திற்காகவும் மோதிக்கொண்ட, நமக்கு யாதொரு தொடர்பும் இல்லாத தொலைநிலத்துச் சண்டை அது என்பது. அக்கருத்து பிழையானது. நாராயணவனம் போன்றதோர் ஊரில் வளரும் மாணவருக்கு அப்போர் தம் மாவட்ட வரலாற்றின் ஒரு பகுதியாகும்; அவ்வாறே அது கற்பிக்கப்படவும் வேண்டும்.

நாராயணவனம் இன்று ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. ஆகாசராசன் மகள் பத்மாவதியை வேங்கடவன் மணந்த ஊர் என்ற புராணப் பெருமையும், கல்யாண வேங்கடேசுவரர் கோயிலும், தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் இயல்பும் உடையது. 2022க்கு முன்பு அது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. சித்தூர் மாவட்டமே 1911 ஏப்ரல் முதல் நாளன்றுதான் உருவாயிற்று. அதற்கு முன்பு இப்பகுதி முழுவதும் சென்னை மாகாணத்தின் வட ஆற்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. ஆகவே 1899இல் நடந்த ஒன்றை நாராயணவனத்திலிருந்து ஆராய விரும்புவோர் தேட வேண்டிய பெயர் சித்தூரும் திருப்பதியும் அன்று, வட ஆற்காடு. அவ்வாறு தேடுகையில் அம்மாவட்டத்தின் பெயர் எதிர்பாராத ஓரிடத்தில் மீண்டும் மீண்டும் கண்ணில் படும். அவ்விடம், நேட்டால் காலனிக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளரின் கப்பல் பதிவேடுகள்.

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 இந்தியர் ஒப்பந்தத்தின் கீழ் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். சென்னை வழியே சென்றோருள் வட ஆற்காட்டார் பெருந்தொகையினர் என்பதை, கப்பல் பதிவேடுகளை அடிப்படையாகக் கொண்டு சுரேந்திர பாணா 1991இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நின்ற 1876–78ஆம் ஆண்டுப் பஞ்சம் இம்மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியிருந்தது. மழை பொய்த்தால் ஏரி வறண்டது. ஏரி வறண்டால் நிலமற்றவனுக்குக் கூலியும் இல்லாமற்போயிற்று. புத்தூர் வழியாகச் சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதை அப்போதே இயங்கிக்கொண்டிருந்தது. ஆள்பிடிக்கும் தரகனுக்கு அது போதுமானதாயிருந்தது.

ஒப்பந்தத்தின் காலம் ஐந்தாண்டு. முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி; ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்ந்து ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங். கரும்புத் தோட்டம், நிலக்கரிச் சுரங்கம், இருப்புப்பாதை ஆகியவை வேலையிடங்கள். 1895ஆம் ஆண்டின் நேட்டால் சட்டம் ஒன்று, அதன் பின் ஒப்பந்தம் செய்துகொண்டோர் காலம் முடிந்து நாடு திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி செலுத்த வேண்டும் என்றது. மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங். ஐந்தாம் ஆண்டுக் கூலியிலேகூட நான்கு மாத வருவாய்க்கு மேற்பட்ட தொகை அது. மறுபடியும் தோட்டத்துக்குப் போ, அல்லது கப்பலேறு என்பதே அவ்வரியின் உட்பொருள்.

போர் மூண்டபோது நேட்டாலில் இருந்த இந்தியரின் நிலை இதுவாயிருந்தது. இந்த இடத்தில் ஒரு முரணைக் கவனித்தல் வேண்டும். டிரான்ஸ்வால் குடியரசு 1885ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டத்தால் ஆசியர்க்குக் குடியுரிமையை மறுத்தது; நிலம் வாங்கும் உரிமையைத் தடுத்தது; குறித்த பகுதிகளில் மட்டும் வாழுமாறு வரையறுத்தது. ஆரஞ்சு சுதந்திர நாடு 1891இல் இந்திய வணிகரை வெளியேற்றியது. இக்கொடுமைகளைச் சுட்டிக்காட்டிப் போருக்கு நியாயம் கூறினர் பிரித்தானிய அமைச்சர். முன்பு இந்தியாவின் வைஸ்ராயாக இருந்தவரும் அப்போது போர் அமைச்சராக இருந்தவருமான லான்ஸ்டவுன் பிரபு, போயர்களின் குற்றங்களுள் இந்தியரை நடத்திய விதமே தமக்கு மிகுந்த சினமூட்டுவது என்று பொதுமேடையில் பேசினார். அதே வேளையில் பிரித்தானியக் காலனியாகிய நேட்டாலோ 1896இல் இந்தியரின் வாக்குரிமையைப் பறித்திருந்தது. 1897இல் குடிபுகுதலையும் வணிக உரிமத்தையும் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றியிருந்தது. மூன்று பவுன் வரியையும் விதித்திருந்தது. இந்தியரின் குறை போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. போர் அக்குறையைத் தீர்ப்பதற்காக நடைபெறவில்லை.

இது வெள்ளையரின் போர் என்ற கொள்கையில் இரு தரப்பாரும் வெளிப்படையாக உடன்பட்டிருந்தனர். அதனாலேயே இந்தியாவிலிருந்து படைப்பிரிவுகள் நேட்டாலுக்கு அனுப்பப்பட்டபோது பிரித்தானியச் சிப்பாய்கள் மட்டும் துப்பாக்கியோடு சென்றனர். ஆனால் டோலி சுமப்போர், குதிரைக்காரர், தண்ணீர் சுமப்போர், லாடம் அடிப்போர் ஆகிய இந்தியப் பணியாளர் ஆயிரக்கணக்கில் அவர்களுடன் கப்பலேறினர். அவர்களின்றி இந்தியாவில் பழகிய படை நகர இயலாது. ஜோகனஸ்பர்க் நகரின் அப்சர்வேட்டரி குன்றில் இன்றும் நிற்கும் நினைவுத்தூண், போரில் இறந்த இந்தியப் படைத்துறையினரை நினைவுகூர்கையில் அதிகாரிகளோடு லாடம் அடிப்போரையும் படைப் பணியாளரையும் சேர்த்தே குறிக்கிறது. போர் முடிந்தபின் வழங்கிய அரசிப் பதக்கத்திலும் தரவேறுபாடு இருந்தது: போர்வீரருக்கு வெள்ளி, இந்தியப் பணியாளர்க்கு வெண்கலம்.

நேட்டாலிலேயே இருந்த இந்தியர் பங்கேற்றது வேறொரு வழியில். காந்தியின் முயற்சியால் உருவான நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர் இருந்தனர். அவர்களுள் சுமார் முந்நூறு பேர் ஒப்பந்தக் கட்டிலிருந்து விடுபட்டோரும் வணிகரும் எழுத்தருமாகிய சுதந்திர இந்தியர். எஞ்சிய எண்ணூறு பேர் இன்னமும் ஒப்பந்தத்தில் இருந்த தொழிலாளர். அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் தோட்ட உரிமையாளர்கள் அவர்களை அனுப்பிவைத்தனர். 1899 டிசம்பர் 15 அன்று கொலென்சோவில் பிரித்தானியப் படை தோற்றபோது காயமுற்றோரைச் சுமந்தவர்கள் இவர்கள். 1900 ஜனவரியில் ஸ்பியோன் கோப் மலைப்போரின்போது, குண்டு விழும் எல்லைக்கு அப்பால் மட்டுமே பணி என்ற தொடக்க ஏற்பாடும் மாறியது. காயமுற்றோரை ஸ்ட்ரெச்சரில் சுமந்து சில நாள்களில் 20 முதல் 25 மைல் வரை நடக்க நேர்ந்தது என்று காந்தி எழுதியிருக்கிறார்.

ஸ்பியோன் கோப் பற்றி எழுதுவோர் விரும்பிச் சொல்லும் ஒரு செய்தி உண்டு. பின்னாளில் உலக வரலாற்றில் இடம்பெற்ற மூவர் அன்று அம்மலையைச் சுற்றி இருந்தனர் என்பது அது. போயர் படையை நடத்தியவர் லூயி போத்தா. செய்தியாளராகவும் படை அதிகாரியாகவும் மலையேறி இறங்கியவர் வின்ஸ்டன் சர்ச்சில். ஆம்புலன்ஸ் படையுடன் இருந்தவர் காந்தி. சுவையான தற்செயல்தான். ஆனால் இம்மூவரின் கதையாகச் சொல்லும்போது நான்காமவர் ஒருவர் மறைந்துவிடுகிறார். ஸ்ட்ரெச்சரின் இரு முனைகளையும் தோளில் ஏற்றியிருந்த ஒப்பந்தத் தொழிலாளி அவர். சென்னையில் கப்பலேறியோரே நேட்டால் இந்தியருள் பெரும்பான்மையினர் என்பதால், அத்தோள்களில் பல தமிழும் தெலுங்கும் பேசியோரின் தோள்களாயிருந்தன.

தளபதி புல்லர் தம் அறிக்கையில் இப்படையின் பணியைக் குறிப்பிட்டார். படையின் தலைவர்கள் 37 பேருக்குப் பதக்கம் கிடைத்தது. 1,100இல் 37. தலைவர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. சுமந்தவர்களை அதே நூல்கள் எண்ணிக்கையாகவே குறிப்பிடுகின்றன. அவர்களுக்கு எண்ணாக இருப்பது புதிதன்று. நேட்டாலில் கால் வைத்த ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஒன்றிலிருந்து தொடங்கும் வரிசையில் ஓர் இலக்கம் இடப்பட்டிருந்தது. கூலிக்கணக்கிலும், நீதிமன்றத்திலும், மருத்துவமனையிலும் அந்த இலக்கமே அவர்களுக்கு முன்னே சென்றது.

பெயர் தப்பிப் பிழைத்த ஒருவர் உண்டு. அவர் பிரபு சிங். 1899 நவம்பர் 2 முதல் 1900 பிப்ரவரி 28 வரை முற்றுகையில் இருந்த லேடிஸ்மித் நகரில், எதிரே இருந்த குன்றின்மீது போயர்களின் பெரும்பீரங்கி புகை கக்குவதைக் கண்டவுடன் மணியடித்து மக்களை எச்சரிப்பது அவர் பணி. முற்றுகை முடியும் வரை அப்பணியை அவர் விடவில்லை. வைஸ்ராய் மாளிகையிலிருந்து காஷ்மீர் அங்கி ஒன்று அவருக்குப் பரிசாக வந்தது. வீரம் உண்மையானது, பரிசும் தகுந்ததே. ஆயினும் அவரும் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியே. அங்கியைப் பெற்றவரின் கூட்டத்தாருக்கு அதே காலனியில் வாக்கு இல்லை, தங்கினால் வரி.

போர் நடந்த காலத்தில் கடல்வழியில் இரு திசைகளிலும் மனிதர் சென்றுகொண்டிருந்தனர் என்பது சென்னை மாகாண வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி. சென்னையிலிருந்து டர்பனுக்கு ஒப்பந்தத் தொழிலாளர் தொடர்ந்து அனுப்பப்பட்டனர். தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தியாவுக்குப் போயர் போர்க்கைதிகள் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் கொண்டுவரப்பட்டனர். திருச்சிராப்பள்ளி, நீலகிரியின் கேத்தி, வெலிங்டன், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பெல்லாரி ஆகிய இடங்களில் அவர்களுக்கு முகாம்கள் அமைந்தன. இலங்கையின் தியத்தலாவையிலும் பெருமுகாம் ஒன்று இருந்தது. கைதிகள் சமாதானத்திற்குப் பின் ஊர் திரும்பினர். முகாம்களைப் பற்றியும் கைதிகளைப் பற்றியும் தென்னாப்பிரிக்காவில் நினைவு நன்கு பேணப்படுகிறது. தோற்றுக் கைதியானவன் தன் ஊரில் நினைக்கப்படுகிறான். வென்ற பக்கத்திற்காகச் சுமந்தவன் தன் ஊரில் நினைக்கப்படவில்லை. இவ்வேறுபாட்டிற்குக் காரணம், பின்னர் அமைந்த ஓர் அரசு ஆப்பிரிக்கானர் நினைவைத் தன் அடித்தளமாக்கிக்கொண்டதும், வட ஆற்காட்டுத் தொழிலாளியின் நினைவைப் பேண எந்த அரசும் முன்வராததுமே.

சமாதானத்தின் விதிகள் இதனை இன்னும் தெளிவாக்கும். 1902 மே 31 அன்று கையெழுத்தான வெரீனிகிங் உடன்படிக்கையின் எட்டாம் கூறு, பூர்வகுடிகளுக்கு வாக்குரிமை அளிப்பது பற்றிய கேள்வி, தன்னாட்சி வழங்கப்பட்ட பின்னரே முடிவு செய்யப்படும் என்றது. தன்னாட்சி யாருக்கு என்பதில் ஐயம் இல்லை. போரிட்ட இரு வெள்ளைத் தரப்பும் கைகுலுக்கிக்கொள்ள, மற்றவரின் உரிமை விலையாகக் கொடுக்கப்பட்டது. போர் முடிந்து டிரான்ஸ்வாலுக்குத் திரும்ப விரும்பிய ஐரோப்பியர் எளிதில் அனுமதிச் சீட்டுப் பெற்றனர். இந்தியரோ ஆசியர் துறை என்னும் புதிய வாயிலில் காத்திருந்தனர். போயர்களின் பழைய சட்டங்கள் பிரித்தானிய ஆட்சியில் முன்னினும் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டன. 1907இல் ஆசியர் பதிவுச் சட்டத்தை நிறைவேற்றிய டிரான்ஸ்வால் அரசின் முதல்வர், ஸ்பியோன் கோப்பில் மறுபக்கம் நின்ற அதே லூயி போத்தா. சட்டத்துக்கு இசைவளித்தது இலண்டன். சரியாக எட்டாண்டு கழித்து, 1910 மே 31 அன்று, தென்னாப்பிரிக்க ஒன்றியம் பிறந்தது. அதன் முதற் பிரதமரும் போத்தாவே.

எதிர்ப்பு எங்கிருந்து எழுந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1913 அக்டோபரில் நேட்டாலின் வடபகுதியிலுள்ள நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் போயர் படைகள் புகுந்த அதே நிலம் அது. நவம்பர் 6 அன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர், 1881இல் பிரித்தானியர் தோல்வி கண்ட மஜூபா மலைக்கு அருகே எல்லையைக் கடந்து டிரான்ஸ்வாலுக்குள் நடந்தனர். சிறை, சவுக்கு, துப்பாக்கிச் சூடு ஆகிய எல்லாவற்றுக்கும் பிறகு 1914இல் மூன்று பவுன் வரி நீங்கியது. அப்போராட்டத்தில் உயிரீந்த தில்லையாடி வள்ளியம்மையைத் தமிழகம் அறியும். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஸ்ட்ரெச்சர் சுமந்தோரும் அவ்வரியின் நிழலில் வாழ்ந்தவர்களே என்பதை இணைத்துப் பார்ப்போர் குறைவு.

இவ்வாறு வாதிடுவதற்கு எதிராக இரண்டு தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது, ஆம்புலன்ஸ் படை பேரரசுக்குச் செய்த ஊழியம்; அதனை நினைவுகூர்வது அடிமை மனத்தைக் கொண்டாடுவதாகும் என்பது. அஷ்வின் தேசாயும் கூலம் வாகித்தும் 2015இல் வெளியிட்ட நூல், காந்தியைப் பேரரசின் ஸ்ட்ரெச்சர் சுமப்பவர் என்றே தலைப்பில் சுட்டியது. தம் பரிவு போயர்கள் பக்கம் இருந்தும் பிரித்தானியக் குடிமகன் என்ற கடமையால் சேர்ந்ததாகக் காந்தியே பின்னர் எழுதினார். இத்தடை தலைவர்களைப் பொறுத்தவரை எடைமிக்கது. அவர்கள் கருதித் தெரிவு செய்தனர், கடமையைச் செய்து உரிமையைக் கேட்கலாம் என்று கணக்கிட்டனர், அக்கணக்கு பொய்த்தது. ஆனால் எண்ணூறு பேரின் நிலை வேறு. முதலாளி அனுப்பினார், அவர்கள் சென்றனர். ஒப்பந்தத்தின் கீழ் வேலையை மறுப்பது குற்றமாயிருந்த ஒரு காலனியில், அவர்களிடம் பேரரசுப் பற்றைக் காண்பதும் துரோகத்தைக் காண்பதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். அவர்களைப் பற்றிக் கேட்கத் தகுந்த கேள்வி, எந்தச் சட்டமும் எந்தக் கூலியும் அவர்களை அம்மலையடிவாரத்தில் கொண்டு நிறுத்தின என்பதே.

இரண்டாவது தடை இதனினும் கூர்மையானது. இந்தியரின் பங்கைப் பேசுவது, போரில் மிகுதியாகத் துன்புற்ற ஆப்பிரிக்கரை மறைத்துவிடாதா? இக்கவலை நியாயமானது. பீட்டர் வார்விக் 1983இல் எழுதிய நூல் முதற்கொண்டு வந்துள்ள ஆய்வுகள், ஒரு லட்சத்துக்குக் குறையாத ஆப்பிரிக்கர் இரு படைகளிலும் சாரதிகளாக, உளவறிவோராக, காவலராக, ஆயுதந்தாங்கியோராகவும் இருந்ததைக் காட்டியுள்ளன. கிச்சனரின் வதைமுகாம்களில் போயர் பெண்டிரும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 28,000 பேர் மாண்டனர். ஆப்பிரிக்கருக்கென அமைந்த தனி முகாம்களில் குறைந்தது 14,000 பேர் இறந்தனர். அவர்களது சாவு பல பத்தாண்டுகள் கணக்கிலேயே வரவில்லை. எனவே, நம் மாவட்டத்தாரும் போனார்கள் என்ற பெருமைக் கட்டுரையாக இவ்வரலாறு சுருங்கினால் அது மற்றொரு மறைப்பாகிவிடும். வெள்ளையர் போர் என்ற பெயரைக் கலைப்பதற்கு ஆப்பிரிக்கர் வரலாற்றோடு சேர்ந்து நிற்பதே வட ஆற்காட்டுக் கதைக்குரிய இடம்.

அப்படியாயின் செய்யத்தக்கது என்ன? கப்பல் பதிவேடுகள் இன்று டர்பனில் உள்ள பல்கலைக்கழக ஆவண மையத்தின் வழியாக எண்மவடிவில் கிடைக்கின்றன. ஒவ்வொரு பயணிக்கும் இலக்கம், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலடையாளம் எனப் பத்திகள். எழுதியவர்கள் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் ஏற்றிய எழுத்தர்கள். ஊர்ப்பெயர்கள் சிதைந்து கிடக்கின்றன. நேட்டாலில் கவுண்டர் கோவெண்டர் ஆனதைப் போல ஆட்பெயர்களும் உருமாறின. தென்னாப்பிரிக்க ஆய்வாளர் எவ்வளவு திறமையுடையவராயினும், ஒரு சொல் கண்டிகையா, கண்ட்ரிகையா, குப்பமா, பாளையமா என்று பிரித்தறிவது அவருக்கு எளிதன்று. ஒரே ஊரை நாராயணவரம் என்றும் நாராயணவனம் என்றும் அழைப்பார்கள் என்பது அங்கு வாழ்பவருக்கே இயல்பாகத் தெரியும். இரு மொழியும் அறிந்த எல்லைப்புற மாணவரின் அறிவு இவ்விடத்தில் ஓர் ஆய்வுக்கருவி.

திருப்பதியில் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது. குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எல்லைக்கு இப்பால் சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1960இல் எல்லை மாற்றத்தால் திருத்தணி தமிழ்நாட்டுக்கும் புத்தூர் ஆந்திரத்துக்கும் என வரையறுக்கப்பட்டது முதல், வட ஆற்காட்டு வரலாறும் இரண்டாக அறுபட்டுக் கிடக்கிறது. தெலுங்குத் துறையார் தெலுங்கரைத் தேடுகின்றனர். தமிழ்த் துறையார் தமிழரைத் தேடுகின்றனர். கப்பலில் ஏறியவர்களோ ஒரே தாலுகாவின் இரு மொழியினராய் அருகருகே அமர்ந்திருந்தனர். ஒரு தாலுகா, ஒரு பத்தாண்டு எனப் பிரித்துக்கொண்டு முதுகலை மாணவர் பத்துப் பேர் இரு மாநிலங்களிலிருந்தும் சேர்ந்து உழைத்தால், 1890களில் கப்பலேறிய வட ஆற்காட்டாரின் ஊர்ப்பட்டியலைத் திருத்தமாக உருவாக்கிவிட முடியும். 1899இல் ஒப்பந்தத்தில் இருந்தோர் யார், அவர்களைப் பெற்ற தோட்டங்கள் எவை, அத்தோட்டங்களுள் ஆள் அனுப்பியவை எவை என்ற கேள்விகளுக்கு அப்பட்டியலே முதற்படி.

அது கைக்கு வரும் வரை, பாடம் நடத்துவோர் செய்யக்கூடிய சிறிய மாற்றம் ஒன்று உண்டு. போரின் பெயரைத் தென்னாப்பிரிக்கப் போர் என்று கரும்பலகையில் எழுதட்டும். ஸ்பியோன் கோப்பில் போத்தாவையும் சர்ச்சிலையும் காந்தியையும் சொன்ன பிறகு, ஸ்ட்ரெச்சரைத் தூக்கியவர் எந்த ஜில்லாவிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று வகுப்பைக் கேட்கட்டும்.